தேசிங்கின் துண்டு

1

இந்த மாதம் எனக்கு ஒரு பித்தளைப் பலகை கிடைத்தது. ஒரு முழ நீளம், அரை முழ அகலம். என் பெயரை அதில் எழுத்துப் பிழையில்லாமல் பொறித்திருந்தார்கள். ஜெர்மனிக்கு வந்த இத்தனை வருடத்தில் அப்படி நடப்பது இதுதான் முதல் தடவை. பெயருக்குக் கீழே, எங்கள் தொழிற்சாலையில் மனிதர்களும் ரோபோக்களும் பத்திரமாகச் சேர்ந்து வேலை செய்ய ஒரு புது முறையைக் கண்டுபிடித்தவர் இவர் என்று இரண்டு வரி. அந்த முறை ஆரம்பித்து ஐந்து வருடம் ஆனதைக் கொண்டாட கேன்டீனில் ஒரு விழா. கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் சர்க்கரையில் செய்த ரோபோக் கை ஒன்று இருந்தது. மேலாளர் அதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

ஊரில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டு, நம்ம வியாசர்பாடிப் பையன் எங்கேயோ போய்விட்டான் என்று பெருமைப்பட்டால் அது உங்கள் தலையெழுத்து. அந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. திருடினேன். யாரிடமிருந்து திருடினேன், அதற்கு முன் அந்த ஆளுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்புகள்.

2

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கார் கதவுக்கு வேண்டிய இரும்புச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை இது. எந்த ரோபோ எங்கே நிற்க வேண்டும், அதன் பக்கத்தில் மனிதன் எங்கே நிற்க வேண்டும், யார் யாருக்குச் சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டும், தரையில் மஞ்சள் கோடு எங்கே போட வேண்டும் என்று தீர்மானிப்பவன் நான். இதற்கு ஜெர்மன் மொழியில் ஒரு பதவிப் பெயர் உண்டு. மூச்சு விடாமல் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவைப் புதுப்பிக்கப் போனபோது அந்த வார்த்தை படிவத்தின் கட்டத்துக்குள் அடங்கவில்லை. கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கட்டம் முடிந்த இடத்தில் வார்த்தையையும் முடித்துவிட்டாள். வெட்டுப்பட்டுப் போனது மனிதன் என்ற பாதி. ஆகவே ஜெர்மன் அரசாங்கத்தின் கோப்பில் நான் இன்றைக்கும் ஏதோ ஒரு ரோபோ. திருத்தித் தரச் சொன்னேன். அதற்கு வேறொரு படிவம் உண்டாம், வேறொரு மாடியில்.

எங்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வகுப்பு நடக்கும். ஆலோசகர் ஒருவர் வெளியூரிலிருந்து வருவார். ரோபோவை இனி இயந்திரம் என்று சொல்லாதீர்கள், சக ஊழியர் என்று சொல்லுங்கள் என்பார். போன வருடம் முப்பது வருட அனுபவமுள்ள வெல்டர்களை வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவராக ரோபோவின் முன் போய்த் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார். அவர்களும் சொன்னார்கள். அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆலோசகரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு நாளாவது அந்த இரும்புக் கைக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்று பார்த்தவனாக இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் அடித்திருக்க மாட்டான். அதற்குக் களைப்பில்லை, தாகமில்லை, முந்தின நாள் பெண்டாட்டியோடு சண்டையில்லை. பக்கத்தில் நிற்பவனுக்கு எல்லாம் உண்டு. ஆனால் யாருடைய வேகத்துக்கு யார் ஓட வேண்டும் என்று கேட்டால், கேள்வியே தவறு என்பார்கள்.

வந்த புதிதில் மேலாளரை ஒருமையில் அழைத்துவிட்டேன். இங்கேயும் நீ, நீங்கள் உண்டு. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து வெலவெலத்துப் போனேன். பிறகுதான் எங்கள் வடசென்னைப் பக்கத்து ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். சார் என்றும் கூப்பிடுவார்கள், நீ என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்த சாரில் எவ்வளவு மரியாதை, அந்த நீயில் எவ்வளவு என்று எனக்கு அப்போது தெரியாது. போன மாதம் தெரிந்துகொண்டேன்.

3

தொண்ணூறுகளின் கடைசி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். வீடு எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில். சைக்கிளை பேசின் பிரிட்ஜில் போட்டுவிட்டு கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால், வேர்வை காய்வதற்குள் வேலைக்குப் போய்விடலாம். தெருவிலேயே நான்தான் முதலில் வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போனவன். அந்தச் சட்டை அழுக்காகாமல் பார்த்துக்கொள்வதைத்தான் உத்தியோகம் என்று நினைத்திருந்தேன்.

சேர்ந்த அடுத்த மாதம் கம்பெனிக்கு முதல் ரோபோ வந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது தேங்காய் உடைத்தார்கள். வெல்டிங் செய்யும் ஒற்றைக் கை, மஞ்சள் பெயின்ட். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி, வேலிக்கு ஒரு கதவு. கட்டுப்பாட்டுப் பெட்டி சூடாகக் கூடாது என்று அதற்குத் தனியாக ஏ.சி. அறை. நாற்பது பேர் வேலை செய்த மீதிக் கூடத்துக்கு மூன்று மின்விசிறி, அதில் ஒன்று சுற்றாது. கூட்டிப் பெருக்குபவர்கூட அதன் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். இந்த உபசாரத்தைப் பார்த்து அதற்கு மாப்ள என்று பெயர் வைத்தவர் தேசிங்கு.

தேசிங்குக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். திருவொற்றியூரில் கடலோரக் குப்பத்து ஆள். பதினைந்து வருடம் விசைப்படகில் போனவர். படகு உடைந்ததும் வெல்டிங் கற்றுக்கொண்டு கான்ட்ராக்டில் வந்தார். அவர் தங்கையின் புருஷன் பாபுவும் கூடவே வந்தான். இரண்டு பேரையும் மாப்ளையோடு போட்டார்கள். பாபு வெளியே நின்று சாமானை மேசையில் மாட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். ரோபோவின் நுனியில் வெல்டிங் பொறி ஒட்டி அடைத்துக்கொண்டால் தேசிங்கு உள்ளே போய்ச் சுரண்டி எடுக்க வேண்டும்.

"எங்க வூட்ல ஒரு மாப்ள, இங்க ஒரு மாப்ள. ரெண்டுத்துக்கும் மூக்கு நான்தான் சிந்தி வுடணும்" என்பார் தேசிங்கு.

பாபு விட மாட்டான். "இதுக்காச்சும் ஏ.சி. குட்த்தாங்க மாமு. எனக்கு உன் வூட்ல இன்னா கீது?"

வேலிக் கதவில் ஒரு சுவிட்ச் இருந்தது. கதவைத் திறந்தால் ரோபோ தானாக நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு தடவை நின்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கொஞ்ச நேரம் வீணாகும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மேனேஜர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். சுவிட்ச் எப்போதும் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும்படி கம்பி போட்டுக் கட்டச் சொன்னார். கட்டினான். கோடிக்கணக்கில் கொட்டி வாங்கின யந்திரத்தின் காவலை ஒரு சாண் கம்பியால் முடித்துவைத்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

4

அன்றைக்கே தேசிங்கு தன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார். சிவப்புக் கட்டம் போட்ட பழைய துண்டு. பச்சைப் பொத்தான் இருந்த பெட்டியின் மேல் பொத்தானை மறைக்கிற மாதிரி அதைக் கட்டிவிட்டு வேலிக்குள் போனார். வேலையை முடித்து வெளியே வந்து, தானே அவிழ்த்துத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார்.

என்ன இது என்று கேட்டேன்.

"படகுக்கு அடில சுத்தற காத்தாடில வலை சுத்திக்கும் சார். ஒருத்தன் கத்திய எட்துகினு தண்ணில எறங்கி அறுக்கணும். அந்நேரம் மேல கீறவன் இஞ்சின வுட்டான்னு வெச்சிக்க, எறங்கினவன் துண்டு துண்டா மெதப்பான். அதுக்கோசரம் எறங்கறவன் தன் துண்ட இஞ்சின் கைப்புடில கட்டிட்டு எறங்குவான். ஓனரே வந்தாலும் அத்த அவுக்க மாட்டான். கட்னவன் மேல வந்து அவன் கையாலதான் அவுக்கணும்."

"யாராவது மறந்து அவிழ்த்துவிட்டால்?"

தேசிங்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதெப்டி சார் மறப்பான்? துண்டு கீதுன்னா ஆளு உள்ள கீறான்."

அவ்வளவுதான் சட்டம். வகுப்பு நடத்தவில்லை, சுவரில் எதுவும் ஒட்டவில்லை. ஒரே வாரத்தில் கூடம் முழுக்க அது பரவியது. தகடு அழுத்தும் பிரஸ்ஸில் இருந்தவர்களும் ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம், துண்டு கட்டியிருந்த பொத்தானை ஒருத்தன் தொட்டதில்லை. மனிதனையும் ரோபோவையும் எப்படிச் சேர்த்து வேலை செய்ய வைப்பது என்று இங்கே தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்கள். அதைச் செய்து காட்டியவருக்குத் தமிழில் தன் பெயரைத் தாண்டி எழுத வராது.

5

அந்த நாள் வந்தது ஜப்பான்காரர்களின் ஐந்து ஒழுங்குகளால். அப்போது எல்லாக் கம்பெனியிலும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. வேண்டாததை ஒதுக்கு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை என்று போகும். வெளிநாட்டுக் கூட்டாளிகள் பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜர் என்னைப் பொறுப்பாளன் ஆக்கினார். கையில் ஒரு அட்டை, அதில் ஒரு பட்டியல். கயிறு, சாக்கு, அழுக்குத் துணி கண்ணில் படக் கூடாது என்று அதில் மூன்றாவது வரி. நானே ஒரு அலமாரி செய்ய வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் என் கையால் சீட்டு எழுதி ஒட்டினேன். கடைசித் தட்டில் துண்டு என்று எழுதியிருந்தேன்.

காலை பத்து மணி. விருந்தாளிகளின் கார் கேட்டுக்குள் வந்துவிட்டது என்று செக்யூரிட்டி போனில் சொன்னான். நான் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தது. பச்சைப் பொத்தான் பெட்டியின் மேல் மட்டும் அந்தத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நிமிடம் அது எனக்கு அழுக்குத் துணியாகத்தான் தெரிந்தது. பாபு அங்கே இல்லை, தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். ரோபோ சும்மா நின்றிருந்தது. வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் கூசாமலிருக்க வேலியைச் சுற்றி ஒரு கறுப்புத் திரை தொங்கவிட்டிருந்தார்கள். அதை ஒரு கையால் விலக்கி உள்ளே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. துண்டை அவிழ்த்து, உதறி, மூலைக்கு மூலை சேர்த்து நான்காக மடித்து அலமாரியின் கடைசித் தட்டில் வைத்துவிட்டு, விருந்தாளிகளுக்கு வணக்கம் சொல்ல வாசலுக்குப் போனேன். சட்டையில் ஒரு கறையும் இல்லை.

பாபு வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பெட்டியில் துண்டு இல்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. தேசிங்கின் வலது கை முழங்கைக்குக் கீழே மேசைக்கும் ரோபோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கையை எடுக்காமல் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த விரல்கள் அதற்குப் பிறகு மூடவேயில்லை. விருந்தாளிகளை மேனேஜர் வேறு வாசல் வழியாகப் பெயின்ட் கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அவர்களுக்கு இளநீர் கொடுத்தார்களாம்.

6

விசாரணை அறிக்கையை எழுதச் சொன்னது என்னைத்தான். அழகான கையெழுத்து என்று எனக்குப் பெயர். எச்சரிக்கை அடையாளம் எதுவும் வைக்காமல் தொழிலாளி உள்ளே போனார் என்று எழுதினேன். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் இன்னொரு தொழிலாளி இயக்கினார் என்று எழுதினேன். கம்பி போட்டுக் கட்டிய சுவிட்சைப் பற்றி எழுதவில்லை. அன்று மாலையே அந்தக் கம்பியை அறுத்துவிட்டார்கள்.

துண்டு கட்டியிருந்தேன் என்று தேசிங்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சத்தியம் செய்தார். துண்டு இல்லவே இல்லை என்று பாபு கேட்டில் நின்று கத்தினான். மச்சானும் மாப்பிள்ளையும். இரண்டு பேரில் ஒருவன் பொய் சொல்கிறான் என்றுதான் கேட்பவனுக்குத் தோன்றும். அதை உடைக்க என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. பாபுவை நிறுத்திவிட்டார்கள். தேசிங்கு வேலைக்கு லாயக்கில்லாதவர் ஆனார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கே" என்று மேனேஜர் என் தோளில் தட்டினார். பார்வையிட வந்த அந்த ஜெர்மன் கூட்டாளிகள் பயிற்சிக்கு ஒரு ஆள் கேட்டபோது என் பெயரைக் கொடுத்ததும் அவர்தான். நான் கள்ளத் தோணியில் வரவில்லை. அந்த அறிக்கையில் ஏறி வந்தேன்.

இங்கே காவல் எல்லாம் பலம்தான். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பூட்டு, வேலிக்குள் போகும்போது பூட்டிவிட்டுப் போக வேண்டும். ஆனால் பூட்டு சின்னது, பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஒருநாள் கூட்டத்தில், பூட்டோடு சேர்த்து அவரவர் பெயர் எழுதிய ஆரஞ்சுத் துணியையும் கட்டலாமே, கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று ஒரு விதி வைக்கலாமே என்றேன். எல்லோரும் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள். எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். குளிக்கும்போது தோன்றியது என்றேன். வாய் கூசவில்லை. மறுமாதமே அதற்கு என் பெயரை வைத்துவிட்டார்கள்.

7

விழாவில் என்னைப் பற்றிப் பேச என் மகள் மதியை அழைத்திருந்தார்கள். அவளுக்குப் பதிமூன்று வயது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். என் ஜெர்மனை அவளால் சகிக்க முடியாது. நான் பேசினால் மானம் போய்விடும், தானே எழுதிப் படிக்கிறேன் என்றாள். நோட்டும் பேனாவுமாக என் எதிரில் உட்கார்ந்து அதிகாரி மாதிரி விசாரித்தாள். முறையை எப்போது யோசித்தீர்கள், எங்கே யோசித்தீர்கள் என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு கேட்டாள், முதன்முதலில் அந்தத் துணியைக் கட்டியவர் யார்?

தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி செல்வி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கல்யாணமான வருடமே சொல்லியிருக்கிறேன்.

"மேனேஜர் மட்டம், ஆலோசகர் மட்டம், ஆபீஸ்காரி மட்டம்னு ஊர் உலகத்தையே திட்டறீங்க. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியல இல்ல?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எம்.கே.பி. நகரில் இருக்கும் என் தம்பிக்குப் போன் செய்து குப்பத்துக்கு அனுப்பினேன். தேசிங்கின் செல் நம்பரை வாங்கிக் கொடுத்தான். இங்கே காலை, அங்கே மதியம் தாண்டியிருந்தது. வெயிலும் காற்றும் மீன் விற்கிறவர்களின் சத்தமும் போனில் கேட்டன. என் பெயரைச் சொன்னேன்.

"சார்! எப்டி கீற சார்? எங்க கீற நீ? இன்னும் பாரின்லதானா?"

நலம் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை. மனப்பாடம் செய்து வைத்ததை ஒப்பித்தேன். "தேசிங்கு, அன்றைக்குத் துண்டை எடுத்தது நான்தான். பாபு பொய் சொல்லவில்லை. நீங்களும் பொய் சொல்லவில்லை. என்னால் நீங்கள் இரண்டு பேரும் பேசாமல்..."

"யாரு பேசல? பாபு இங்கதான் பக்கத்துல குந்திகினு கீறான். இன்னிக்கு வூட்ல வஞ்சிரம், துன்னுட்டு வந்து ஏப்பம் வுட்டுகினு கீறான்." சிரித்தார். "நீதான் எட்த்தன்னு அப்பவே தெர்யும் சார்."

எப்படி என்று கேட்டேன்.

"கணக்குத் தீக்கற அன்னிக்கு பாபு அந்த அலமாரில பாத்துக்கீறான். துண்டு நாலா மடிச்சி, மூலைக்கு மூலை சேத்து, சலவைக் கடை மாதிரி குந்திகினு கீது. எங்காளு எவனாச்சும் துண்ட மடிப்பானா சார்? தலைல கட்டுவான், தோள்ல போடுவான், இடுப்புல சொருவுவான். மடிக்கறதுன்னா அந்தக் கம்பெனில ஒரே ஒரு ஆளு நீதான்."

"யாரிடமும் சொல்லவில்லையா?"

"சொல்லாம? பாபு அந்த மடிப்பு கலையாம மேனேஜராண்ட எட்துகினு போயி காமிச்சான். சுத்தமாத்தான வெச்சிகீது, இதுல இன்னா தப்புன்னு கேட்டாராம். அப்பால இன்னா பேசறது? நீயா ஒருநாள் வந்து சொல்லுவன்னு பாத்தோம். நீ பிளேன் ஏறிட்டன்னு கேள்விப்பட்டோம்."

பின்னால் பாபுவின் குரல் கேட்டது. "யாரு மாமு, மடிப்பு சாரா?"

தேசிங்கு அதட்டினார். பிறகு அவரே சொன்னார். "கோச்சிக்காத சார். குப்பத்துல உனுக்கு அதான் பேரு. எவனாச்சும் தப்பு பண்ணிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி ஒயுங்கா நின்னுகினு இருந்தான்னா, மடிப்பு சார் வேல பண்றான்டான்னுவாங்க. உன்னத் தெரியாத பசங்ககூட சொல்லும்."

இத்தனை வருடமாக உலகத்தில் எல்லோரையும் நான் மட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடமும் திருவொற்றியூர் கடற்கரையில் வலை உலர்த்துகிற பையன்கள் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அழுகை வந்தது. பலகையைப் பற்றியும் சொன்னேன், மறைக்கவில்லை.

அவர் ஒன்றுதான் கேட்டார். "அங்க யார்னா கை கால் போச்சா?"

"இல்லை. அந்தத் துணி கட்ட ஆரம்பித்த பிறகு ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப செரி. ஆனா அது யாரு துண்டுன்னு சொல்டு சார். உன் வாயால சொல்டு."

மீன் ஏலம் விட நேரமாகிவிட்டது என்று போனை வைத்தார். கை போனாலும் குரல் போகவில்லை, கரையில் ஏலம் கூவுவது இப்போது அவர்தான்.

8

மதியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். துண்டை மடித்து வைத்த இடத்தில் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்து, பல மாதத்துக்குப் பிறகு தமிழில் கேட்டாள்.

"நீங்க உள்ள பாத்தீங்களாப்பா?"

"இல்ல."

அவள் நோட்டை மூடிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் எந்த மொழியிலும் பேசவில்லை.

எழுதி முடித்த பேச்சைத் தொழிற்சாலைக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அனுப்பினாள். ஊழியர் நலப் பிரிவு அம்மாள் அதைத் திருத்தி அனுப்பினாள். மன்னிக்கவும், நீளம் கருதிச் சிறிது சுருக்கியிருக்கிறோம் என்று ஒரு குறிப்பு. தேசிங்கு வரும் பத்தி முழுவதும் இல்லை. குளிக்கும்போது தோன்றியது என்ற வரி புதிதாக நுழைந்திருந்தது. எவ்வளவு நாசூக்கு! எண்ணூர் மேனேஜர் இந்த அம்மாளிடம் பாடம் படிக்க வேண்டும். இரண்டு தாளையும் மதி என் முன்னால் வைத்தாள்.

"எதைப் படிக்கட்டும்?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. விசா புதுப்பிக்கும் மாதம், வீட்டுக் கடன், எல்லாம் மனதில் ஓடியது. "உன்னுடையதைப் படி. ஆனால் துண்டு வருகிற இடத்தை நான் சொல்கிறேன்" என்றேன்.

விழாவில் அவள் பாதி படித்து நிறுத்தினாள். நான் எழுந்தேன். மட்டமான என் ஜெர்மனில், வினைச்சொல்லைத் தப்பான இடத்தில் வைத்து, இது என் முறையில்லை, தேசிங்கு என்பவருடைய முறை, அவர் உள்ளே இருக்கும்போது துண்டை எடுத்தவன் நான், அவர் கை போனது என்னால் என்று சொன்னேன். மதி இந்த முறை திருத்தவில்லை. நலப் பிரிவு அம்மாள் தன் கையிலிருந்த தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், அந்த வரி அதில் இல்லை. முன்வரிசையில் இருந்த வயதான துருக்கி வெல்டர் ஒருவர் மட்டும் அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மதி சொன்னாள். அவர் சரியாகத் திருப்பிச் சொல்லும்வரை சொல்லிக் கொடுத்தாள்.

மேலாளர் வந்து கை குலுக்கினார். மிகவும் உருக்கமாக இருந்தது, அடுத்த தடவை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். பிறகு என் பெயர் பொறித்த பலகையை என் கையிலேயே கொடுத்தார். பொறித்துவிட்டார்கள், என்ன செய்வது? வேண்டாம் என்றேன். கணக்கில் எழுதியாகிவிட்டது, வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றாள் நலப் பிரிவு அம்மாள். அதற்கும் ஒரு படிவம் இருந்தது, கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேசிங்குக்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டேன் என்றேன். எத்தனை பேர் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். தன் பெயரைத் துருக்கிக்காரர் எப்படிச் சொன்னார் என்று மதியிடம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிச் சிரித்தார். பாபுவுக்கும் சொல்லச் சொன்னார். பிறகு போன் என்னிடம் வந்தது.

"அந்தப் பலகைய இன்னா பண்ண சார்?"

"வீட்டில்தான் இருக்கிறது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை."

"பித்தளையா?"

"ஆமாம்."

"பேஜாருதான் சார்" என்றார் தேசிங்கு. "அத்த மடிக்க வராதே."